ஒரு ‘ஆம்’ விட்டுப்போனதற்கு 94,000 ரூபாய்

புத்தகம் அச்சாகி வந்து ஒன்பதாவது நாள் காலை அந்த அழைப்பு வந்தது. தெரியாத எண். வாயில் பற்பசை நுரையோடு எடுத்தேன். வயதான குரல். “தம்பி, உங்க கால்பந்து புத்தகம் படிச்சு முடிச்சேன். நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கார்லோஸ் ஆல்பெர்த்தோ டிரெஸ்ஸிங் ரூம்ல உட்கார்ந்து மூஞ்சியில பவுடர் அப்பிக்கிட்டதை மாரியோ ஃபில்யோங்கிற பத்திரிகைக்காரர் நேர்ல பார்த்த மாதிரி 38-ஆம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. அது 1914. அவர் பிறந்தது 1908-ன்னு 51-ஆம் பக்கத்துல நீங்களே போட்டிருக்கீங்க. அஞ்சாறு வயசுப் பையனை டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள யாரு தம்பி விட்டா?”

“ஐயா, பார்த்துட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் சொன்னது சரி. இரண்டு பக்கங்களையும் எழுதியது நான், மெய்ப்புப் பார்த்தது நான், 500 பிரதிகளுக்குப் பணம் கட்டியதும் நான். கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகப் புத்தகம். அன்று முழுக்க அந்த அறைக்குள் போகவே கூசியது. அவர் ஒரு நாளிதழில் நாற்பது வருடம் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. அப்படி ஒருவரிடம் அச்சுக்குப் போகும் முன்பே கொடுத்திருக்கலாம். கேட்டால் பார்த்துக் கொடுத்திருப்பார், காசுகூட வாங்கியிருக்க மாட்டார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தனியாகவே செய்து முடித்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

பின்கதையைச் சொல்லிவிடுகிறேன். மின்சாதனக் கையேடுகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. 2022 உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது என் மகன் ஒரு கேள்வி கேட்டான்: “அப்பா, பெலே கறுப்பு முத்துன்னா மெஸ்ஸி ஏன் வெள்ளை முத்து இல்ல?” பதில் தெரியவில்லை. தேடப் போனேன். ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துக்கொண்டே போய், கால்பந்து வரலாற்றில் நிறவெறி பற்றித் தமிழில் ஒரு சிறு நூல் எழுதலாம் என்று முடிவானது. பதினான்கு மாதம் ஓடியது. பழைய ஆங்கில நாளிதழ் காப்பகச் சந்தாவுக்கும் பழைய புத்தகங்களுக்கும் 12,000, பக்க வடிவமைப்புக்கு 9,000, அட்டைக்கு 4,000, அச்சுக்கு 58,000. ஆக 83,000. மீதி 11,000 எப்படிப் போனது என்று பின்னால் வரும். மனைவி ஒரு முறைகூடக் கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த 38-ஆம் பக்கத்துக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ரியோ டி ஜெனீரோவின் புளூமினென்சே பணக்காரர்களின் கிளப். 1914-இல் அங்கே ஆட வந்த கலப்பினத்தவர் கார்லோஸ் ஆல்பெர்த்தோ. வெள்ளையர்களுக்கு நடுவே தன் நிறம் தெரியக் கூடாது என்று ஆட்டத்துக்கு முன் முகத்தில் அரிசிமாவுப் பவுடர் பூசிக்கொண்டார். வியர்வையில் அது கரைய, எதிரணி ரசிகர்கள் “அரிசிப் பவுடர், அரிசிப் பவுடர்” என்று கத்தினார்கள். அந்தக் கேலிப்பெயரையே புளூமினென்சே ரசிகர்கள் பிறகு தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டு, இன்றும் மைதானத்தில் வெள்ளைத் தூளை வாரி இறைக்கிறார்கள். கண்ணில் நீர் வரவழைக்கும் கதை. நான் அதற்கு மேலும் மசாலா தடவினேன். கண்ணாடி முன் கை நடுங்கியதாக எழுதினேன். கதவோரம் ஒரு பத்திரிகையாளர் நின்று பார்த்ததாகவும் எழுதினேன். எங்கோ ஆங்கிலத்தில் “மாரியோ ஃபில்யோ விவரிக்கிறார்” என்று படித்தது, என் கையில் “மாரியோ ஃபில்யோ பார்த்தார்” என்று ஆகிவிட்டது. எந்த நாள் எந்த வரியில் அப்படி மாறியது என்று எனக்கே தெரியாது.

மாரியோ ஃபில்யோ சாதாரண ஆள் இல்லை. நாம் மரக்கானா என்று சொல்லும் மைதானத்தின் முறைப்படியான பெயரே ‘பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ அரங்கம்’. அதைக் கட்ட வேண்டும் என்று தன் பத்திரிகையில் எழுதி எழுதிப் போராடியவர். பிளமெங்கோவும் புளூமினென்சேயும் மோதும் ஆட்டத்துக்கு ‘பிளா-புளு’ என்ற பெயரைப் பரப்பியதும் அவர்தான். 1932-இல் சம்பா பள்ளிகள் எனப்படும் திருவிழா நடனக் குழுக்களுக்கு முதல் போட்டி வைத்ததும் அவருடைய பத்திரிகைதான். பிரேசில் கால்பந்தில் கறுப்பர்களின் இடம் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1947-இல் வந்தது. ஏற்கெனவே நாளிதழ் பத்தியாக வந்தவற்றைக் கோத்து எழுதியது. உலகில் யார் பிரேசில் கால்பந்தின் நிறவெறி பற்றிப் பேசினாலும், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் புத்தகத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். அவர் பிறந்த ஊர் ரெசிபே, ரியோவிலிருந்து வெகு தொலைவு. 1914-இல் அவர் குடும்பம் ரியோவுக்கு வந்திருக்கவே இல்லை. பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு, முப்பது வருடம் கழித்து, நாவலாசிரியர் கை வைத்ததுபோல் எழுதியது அது. தொண்ணூறுகளில் அந்தோனியோ ஜோர்ஜே சோவாரெஸ் என்ற பிரேசில் ஆய்வாளர், அதை வரலாற்று ஆவணமாக அப்படியே எடுத்தாளலாமா என்று கேள்வி எழுப்பியிருந்தார். எனக்கு அது தெரியாது. புளூமினென்சே தரப்பு வேறு கதை சொல்கிறது: கார்லோஸ் ஆல்பெர்த்தோ முந்தைய கிளப்பில் ஆடிய காலத்திலேயே சவரம் செய்தபின் பவுடர் போடும் வழக்கம் உள்ளவர், பழைய கிளப்பின் ரசிகர்களுக்கு அது தெரியும், அதை வைத்து ஓட்டினார்கள். கிளப் தன் மானத்தைக் காப்பாற்றச் சொல்வதாகவும் இருக்கலாம். அதையும் அப்படியே விழுங்க முடியாது.

அன்று மாலை பெரியவரைத் திருப்பிக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். “தம்பி, நாங்கல்லாம் பேசும்போது பார்த்ததுக்கு ‘பூசிக்கிட்டார்’னு சொல்லுவோம், கேட்டதுக்கு ‘பூசிக்கிட்டாராம்’னு சொல்லுவோம். படிக்காத கிழவிகூட இதுல தப்புப் பண்ணாது. பேப்பர்ல எழுத வந்தா மட்டும் அந்த ‘ஆம்’ காணாமப் போயிடும். ஒரு ‘ஆம்’ போட்டிருந்தீங்கன்னா தப்பிச்சிருப்பீங்க.” நாற்பது வருடம் செய்தி படித்தவர் சொல்கிறார். அன்று இரவு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, 128 பக்கத்தையும் படித்து, ‘ஆம்’ சேர்க்க வேண்டிய இடங்களை வட்டமிட்டேன். அறுபத்தொரு வட்டங்கள்.

நீங்கள் இப்படி ஒரு வேலையில் இறங்குவதாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு தாளில் மூன்று ஆண்டுகளை எழுதுங்கள்: சம்பவம் நடந்த ஆண்டு, அது முதன்முதலில் அச்சான ஆண்டு, அச்சிட்டவர் பிறந்த ஆண்டு. நான் இதைச் செய்ய எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பகல். பதினான்கு மாதத்தின் தொடக்கத்தில் அந்த ஒரு பகலைச் செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

மூலத்தைத் தேடுவது நினைத்த அளவு கஷ்டமில்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பிரேசிலின் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சொல் போட்டுத் தேடலாம். ஆனால் இன்றைய போர்த்துகீசிய எழுத்துக்கூட்டில் தேடினால் பாதி கிடைக்காது. 1910-களில் அவர்கள் கால்பந்தை ‘foot-ball’ என்று ஆங்கிலச் சொல்லாகவே, நடுவில் கோடு போட்டுத்தான் எழுதினார்கள். டீம், மேட்ச், கோல்கீப்பர் எல்லாமே அப்படியே ஆங்கிலச் சொற்கள். இது தெரியாமல் இரண்டு வாரம் வெறுங்கையோடு திரும்பினேன். அப்புறம் ‘அரிசிப் பவுடர்’ என்று தேடினேன். வந்தது முழுக்க முகப்பூச்சு விளம்பரம். தொப்பி வைத்த சீமாட்டிகள், வட்ட டப்பா, பாரிஸ் வாசனை. அலுத்துப்போய்ப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: அது அந்தக் காலத்தில் மேல்தட்டு நாகரிகத்தின் சின்னம். பணக்காரக் கிளப்பைப் பார்த்து ‘பவுடர்’ என்று கத்தினால் அது நிறத்தைக் குத்தியதா, பகட்டைக் குத்தியதா, இரண்டையுமா? போர்த்துகீசியம் தெரிந்த ஒரு தங்கையை அமர்த்தி 11,000 ரூபாய் கொடுத்து இருவருமாகப் பார்த்தோம். நாங்கள் புரட்டிய 1914 இதழ்களில் கோல் கணக்கு கிடைத்தது, பவுடர் கிடைக்கவில்லை. தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பி இந்த வேலையைச் செய்யாதீர்கள். போர்த்துகீசியத்தில் ஆளின் நிறத்தைச் சொல்ல ஏழெட்டுச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. இயந்திரம் எல்லாவற்றையும் ‘கறுப்பு’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும்.

ஒரு நூலை இழுத்ததும் மற்றவையும் பிரிய ஆரம்பித்தன. ஆர்தர் ஃபிரைடென்ரைக், ஜெர்மானியத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர், 1919-இல் பிரேசிலுக்கு முதல் தென்னமெரிக்கக் கோப்பையை வென்று தந்த கோலைப் போட்டவர். அவர் 1329 கோல் அடித்ததாக நான் எழுதியிருந்தேன். பெலேயையும் மிஞ்சியவர், கறுப்பர் என்பதால் மறைக்கப்பட்டார் என்று ஒரு பாரா வேறு. உண்மையில் யாரோ வைத்திருந்த கணக்கேட்டில் இருந்தது 1329 ஆட்டம், 1239 கோல். அதை எடுத்தெழுதிய ஒரு பத்திரிகையாளர் எண்களை மாற்றிப் போட்டுவிட்டார் என்கிறார்கள். அந்தக் கணக்கேட்டையே யாரும் சரிபார்க்கவில்லை. பழைய நாளிதழ்களை ஆட்டம் ஆட்டமாகப் புரட்டியவர்களுக்குக் கிடைத்தது ஐநூற்றைம்பது சொச்சம்தான். ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ வாட்சன் விஷயத்திலும் சறுக்கினேன். கயானாவில் பிறந்தவர், 1881 மார்ச் 12-இல் லண்டனில் இங்கிலாந்தை 6-1 என்று நொறுக்கிய ஸ்காட்லாந்து அணியின் தலைவர். அவர் ஆஸ்திரேலியாவில் இறந்ததாக எழுதினேன், எல்லோரும் அப்படித்தான் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1921-இல் லண்டன் பக்கம் கியூவில் இறந்து, ரிச்மண்டில் புதைக்கப்பட்டிருக்கிறார். ஐந்து பேர் ஒரே தகவலைச் சொல்கிறார்கள் என்றால் ஐந்து சாட்சி என்று நான் நினைத்திருந்தேன். நான்கு பேர் அந்த ஒருவரிடமிருந்து எடுத்தவர்கள்.

இத்தோடு விட்டிருந்தால் இது வெறும் பிழைத்திருத்தக் கதை. நிஜமான அடி இரண்டு மாதம் கழித்து ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் விழுந்தது. நேர்மையாக இருக்கிறேன் பேர்வழி என்று மேடையில் ஏறி, பவுடர் கதை எப்படிக் கேள்விக்குரியது என்று நானே விளக்கினேன். முடித்ததும் பின்வரிசையில் ஒரு இளைஞர் எழுந்தார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்: “அப்போ இந்த நிறவெறி சமாசாரமெல்லாம் பேப்பர்காரங்க கட்டிவிட்டதுதானே சார்?” நான்கு பேர் தலையாட்டினார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். ஆட்டோவில் வரும்போது அழுகை வந்துவிட்டது. தப்பாக எழுதி ஒரு கெடுதல் செய்தேன், அதைத் திருத்தப் போய் அதைவிடப் பெரிய கெடுதல் செய்துவிட்டேன் என்று தோன்றியது. அன்று கையில் இருந்திருக்க வேண்டிய பதில் என் புத்தகத்தின் 44-ஆம் பக்கத்திலேயே இருந்தது. எழுதியவனுக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை.

அது வாஸ்கோ ட காமா கிளப்பின் கதை. 1923-இல் முதல்நிலைப் பிரிவுக்கு வந்த வருடமே ரியோ கோப்பையை வென்ற அணி. கறுப்பர்கள், கலப்பினத்தவர், ஏழை வெள்ளைத் தொழிலாளிகள் எல்லாம் கலந்த அணி. மறு வருடமே பெரிய கிளப்புகள் சேர்ந்து புதிய சங்கம் ஆரம்பித்து, வாஸ்கோ உள்ளே வர வேண்டுமானால் பன்னிரண்டு வீரர்களை நீக்க வேண்டும் என்றன. 1924 ஏப்ரல் 7-இல் வாஸ்கோ தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ் முடியாது என்று கடிதம் எழுதினார். பிரேசிலில் அதற்கு ‘வரலாற்றுப் பதில்’ என்றே பெயர். அந்தக் கடிதத்தை அந்தத் தங்கையிடம் கொடுத்து வரிவரியாகப் படித்தேன். அதில் ‘கறுப்பர்’ என்ற சொல் இல்லை. நிறம் என்ற பேச்சே இல்லை. நீக்கச் சொன்னவர்களும் நிறத்தைச் சொல்லவில்லை. வேலை சந்தேகத்துக்குரியது என்றார்கள், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். ஆட்டக்காரர் ஆட்டக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம், படிவம் நிரப்ப வேண்டுமாம். காகிதத்தில் எங்கேயும் நிறம் இல்லை, களத்தில் வெளியே நிறுத்தப்படுபவர் யார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பவுடர் கதை பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும், இந்தக் கடிதம் கிளப்பில் இருக்கிறது. அந்த இளைஞருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதை. உருக்கமான கதையை முதல் அத்தியாயத்திலும், கையெழுத்துள்ள காகிதத்தை இடுக்கிலும் வைத்தது என் தவறு. உங்கள் கையில் ஆவணம் இருந்தால் அதைக்கொண்டு ஆரம்பியுங்கள், கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பத்திரிகை கதையை மிகைப்படுத்தியது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சில இடங்களில் நிறவெறியைச் செய்ததே பத்திரிகைதான். 1920 அக்டோபரில் சிலியில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில் பிரேசில் அணி புவெனோஸ் ஐரிஸில் இறங்கியது. அங்கே ‘கிரிட்டிகா’ நாளிதழ் அவர்களைக் குரங்குகளாக வரைந்து, ஊருக்குள் குரங்குகள் வந்துவிட்டன என்று போட்டது. பல வீரர்கள் ஆட மறுத்துவிட்டார்கள். இதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை, குற்றவாளியே தேதி போட்டு அச்சடித்து வைத்திருக்கிறான்.

அதேபோல நல்லது செய்த பத்திரிகையையும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1909 அக்டோபரில் பிரிஸ்டலில் டாட்டனம் அணிக்கு ஆடிய வால்டர் டல்லைப் பார்வையாளர்களில் ஒரு கூட்டம் வசைபாடியது. தந்தை பார்படோஸ்காரர், இவர் லண்டன் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். அன்று ஒரு விளையாட்டு இதழின் நிருபர் அதைப் பற்றிக் கோபமாக எழுதினார்: வசைமொழிக்குப் பேர்போன லண்டன் பில்லிங்ஸ்கேட் மீன்சந்தையையும் விடக் கீழான பேச்சு, கோழைத்தனம் என்று. நூறு வருடம் தாண்டி நமக்கு அந்த ஆட்டம் தெரிவதே அந்தச் செய்தியால்தான். முதல் தடவை படித்தபோது அந்த நிருபருக்குக் கை கொடுக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டாம் தடவை படித்தால், டல் மனத்தாலும் ஆட்டத்தாலும் எவ்வளவு தூயவர் என்றால், வெள்ளையர் எல்லோருக்கும் முன்மாதிரி என்று பாராட்டுகிறார். தூய்மைக்கு அளவுகோலே வெள்ளையர்தான். அந்த நிருபரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டாம் தடவை படிக்காமல் எதையும் எடுத்தாளாதீர்கள். டல் முதல் உலகப் போரில் அதிகாரியாகச் சென்று 1918 மார்ச்சில் பிரான்சில் கொல்லப்பட்டார். அவரைப் பற்றியும் ‘முதல்’ என்று தொடங்கும் பட்டங்கள் ஏராளம் சுற்றுகின்றன. ‘முதல்’ என்று யாராவது எழுதினால் நான் இப்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தபோது பொருளடக்கத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். போர்ச்சுகல் வீரர் யூசேபியோ அத்தியாயத்துக்கு ‘கருஞ்சிறுத்தை’ என்று தலைப்பு. பெலேக்குக் ‘கறுப்பு முத்து’. 1938 உலகக் கோப்பையில் கலக்கிய லியோனிதாஸுக்குக் ‘கறுப்பு வைரம்’ (அந்தப் பெயரில் பிரேசிலில் இன்னும் சாக்லேட் விற்கிறது). 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் உருகுவே வீரர் ஆந்திராதேவுக்குக் ‘கறுப்பு அதிசயம்’. பாதி நகைக்கடை, பாதி மிருகக்காட்சி சாலை. நிறவெறியைக் கண்டித்து எழுதிய புத்தகத்துக்கு நான் வைத்த தலைப்புகள் இவை. அதே காலத்து வெள்ளை வீரர்களில் ஹங்கேரியின் புஷ்காஷ் பட்டாளத்து மேஜர், பெக்கன்பவர் ஜெர்மானியப் பேரரசர். மனிதப் பதவி ஒரு பக்கம், கல்லும் விலங்கும் ஒரு பக்கம். பெலேயை ‘ராஜா’ என்றும் அழைத்தார்கள், அதை மறைக்கவில்லை. ரஷ்ய கோல்கீப்பர் யாஷினையும் ‘கருஞ்சிலந்தி’ என்பார்கள், அது அவருடைய சட்டையின் நிறத்துக்காக. யாஷின் சட்டையை மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பெயர்களில் பலவற்றைப் பரப்பியது ஐரோப்பியப் பத்திரிகைகள் என்றாலும், தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் அவற்றை நாம் அழகாகத் தமிழாக்கி, எதுகை மோனையோடு மகிழ்ந்து படித்திருக்கிறோம். நானும் சின்ன வயதில் ‘கறுப்பு முத்து’ என்று நோட்டு அட்டையில் எழுதி வைத்திருந்தவன்தான். இப்போது ஆளின் பெயரைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. இருக்கட்டும்.

இந்தப் பழக்கம் பழங்காலத்தோடு போனதும் இல்லை. 2018 டிசம்பரில் இங்கிலாந்தின் கறுப்பின வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் இரண்டு செய்தித் தலைப்புகளை அருகருகே வைத்துக் காட்டினார். மான்செஸ்டர் சிட்டியின் இரண்டு இளம் வீரர்கள், இருவரும் அம்மாவுக்கு வீடு வாங்கியவர்கள். வெள்ளைப் பையன் அம்மாவுக்கு வீடு வாங்குகிறான் என்று ஒன்று. கறுப்புப் பையன் ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாதவன், இவ்வளவு சம்பளம், மாளிகைக்கு வாரி இறைக்கிறான் என்று இன்னொன்று. எந்தத் தகவலும் பொய்யில்லை. 2020-இல் ஒரு டென்மார்க் நிறுவனம் வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து 80 ஆட்டங்களின் வர்ணனையைக் கணக்கெடுத்தது. கறுத்த தோல் வீரர் என்றால் உடல் வலிமையைப் பேசும் வாய்ப்பு ஆறரை மடங்கு அதிகம். புத்தியைப் பாராட்டும்போது வாக்கியங்கள் வெளிர்தோல்காரர் பக்கம் சாய்ந்தன. இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். ஒரு ஆட்டம், ஒரு பென்சில், இரண்டு பத்திகள். நானும் மகனும் செய்தோம். இடைவேளைக்குள் அவன் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1988-இல் எவர்ட்டன் மைதானத்தில் தன்மேல் வீசப்பட்ட வாழைப்பழத்தை லிவர்பூல் வீரர் ஜான் பார்ன்ஸ் குதிகாலால் தட்டிவிடும் படத்தை அட்டையில் போட ஆசைப்பட்டேன். இணையத்தில் கிடைக்கிறதே என்று இறக்கியும் வைத்துவிட்டேன். உரிமை யாரிடம் என்று விசாரிக்கச் சொன்னது வடிவமைத்த நண்பர். விசாரித்தால், சொன்ன தொகை என் அச்சுச் செலவில் பாதி. அட்டையில் வெறும் எழுத்தோடு முடித்துக்கொண்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். இறக்கிய படத்தை இப்போதும் அடிக்கடி பார்க்கிறேன். அந்த நாட்களில் கறுப்பின வீரர்கள்மேல் பழம் வந்து விழுவது அபூர்வமில்லை. ஒரு புகைப்படக்காரர் அந்த நொடியில் பொத்தானை அழுத்தியதால் ஒரு பழம் மட்டும் வரலாற்றில் இருக்கிறது.

கடைசியில் புத்தகத்தை என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மறு அச்சுக்குப் பணமில்லை. பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். பெரியவர்தான் வழி சொன்னார்: “பிழைதிருத்தத் தாள் அடிச்சு ஒட்டுங்க தம்பி, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.” இரண்டு பக்கத் தாள் ஒன்று, ஜெராக்ஸ் கடையிலேயே எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேருந்தில் வந்து இறங்கினார். கூடத்தில் பாய் விரித்து நாங்கள் நால்வர் உட்கார்ந்தோம். மனைவி தாளை மடிக்க, மகன் பசை தடவ, நான் ஒட்ட, அவர் ஒவ்வொன்றையும் திறந்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிழைதிருத்தத் தாளிலேயே ஒரு பிழை கண்டுபிடித்து, எல்லாவற்றிலும் பேனாவால் திருத்தவும் வைத்தார். மாலை ஆறு மணிக்குள் 317 பிரதிகள் முடிந்தன.

ஏற்கெனவே விற்றும் கொடுத்தும் போய்விட்ட 183 பிரதிகள் யார் யார் அலமாரியிலோ இருக்கின்றன. அவற்றின் 38-ஆம் பக்கத்தில் ஐந்து வயது மாரியோ இன்னும் அந்தக் கதவோரம்தான் நின்றுகொண்டிருக்கிறான்.